ஆட்டோகோனர் வந்துச்சு, அம்மா வீட்டுல உக்காந்துட்டாங்க. ரீட்ரெயினிங்னு அரசாங்கம் ஒதுக்கற காசு எங்கதாங்க போகுது?

சூலூர்_பையன் | #1

வணக்கமுங்க. ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் எழுதறேன், தப்பு இருந்தா மன்னிச்சுக்கங்க.

எங்கம்மா 19 வருஷம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல கோன் வைண்டிங்ல இருந்தாங்க. மில்லு பேரு வேண்டாமுங்க, சித்தப்பா இன்னும் அங்கதான் ஷிப்டு போறாரு. பழைய மிஷின், ஆளுக்கு 20 டிரம், நூல் அறுந்தா கைல மாட்டியிருக்கற நாட்டர்ல முடிச்சு போட்டு மறுபடி ஓட விடணும், எட்டு மணி நேரமும் நடந்துட்டே முடிச்சு போட்டுட்டே இருக்கணும். போன வருஷம் ஆடி மாசம் ஆட்டோகோனர் இறக்குனாங்க. அறுந்தா அதுவே ஒட்டிக்குது, முடிச்சு கூட தெரியாது. கோன் ரொம்புனா அதுவே எடுத்து வெச்சுக்குது. மூணு ஷிப்டுக்கும் சேர்த்து 40 பேரு பாத்த வேலைய இப்ப 9 பேரு பாக்கறாங்களாம். ஹாஸ்டல் புள்ளைங்கள மொதல்ல ஊருக்கு அனுப்பிட்டாங்க. உள்ளூர் ஆளுக 14 பேர செப்டம்பர்ல ஒரு நாள் மத்தியானம் ஆபீஸுக்கு கூப்பிட்டு டைப் பண்ணின பேப்பர்ல கையெழுத்து வாங்கி கணக்கு முடிச்சு விட்டுட்டாங்க.

அப்பறம் இலவச திறன் பயிற்சி, அரசாங்கமே காசு குடுக்குதுன்னு சொன்னாங்கன்னு அம்மாவ சேத்து விட்டேன். பேக்கரிக்கு மேல் மாடி. தையல். 30 பேருக்கு 8 மிஷின், அதுல மூணு ஓடாது. இதெல்லாம் கூட பரவாயில்லைங்க, அட்டெண்டன்ஸுக்கு கட்டைவிரல் வைக்கணும், அம்மாவுக்கு ரேகையே விழல. 19 வருஷம் நூல்ல தேஞ்ச விரலு. தெனமும் தேங்கா எண்ணெய் தடவி, தொடைச்சு, மறுபடி வெச்சு, சில நாள் ஏழெட்டு தடவை. அப்படியும் பாதி நாள் ஆப்சென்ட்னு காட்டிச்சு.

சர்ட்டிபிகேட் வந்துடுச்சு, ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கு. வேலைக்குன்னு ரெண்டு கார்மெண்ட்ஸ்ல கேட்டோம், வயசு 44ன்னதும் "போன் பண்றோம்மா"ன்னுட்டாங்க. அந்த மூணு மாசமும் வீட்டுல வருமானம் பூஜ்யம். எனக்கு சண்டை போடணும்னெல்லாம் இல்ல, நெஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். மிஷின் வந்து வேலை போனவங்களுக்குன்னு அரசாங்கத்துல தனியா காசு இருக்குங்களா இல்லைங்களா?

கேள்விமட்டும் | #2

தையல், பியூட்டிஷியன், டேட்டா என்ட்ரி. இந்தியாவுல எவனுக்கு வேலை போனாலும் மூணே கோர்ஸ்தான் ப்ரோ.

நூல்கண்டு | #3

தம்பி, அம்மா விஷயம் கேக்க கஷ்டமா இருக்கு. ஆனா மில்லுக்காரன் பக்கமும் ஒருத்தன் பேசணும்ல, நான் பேசறேன். எங்கப்பா ஆரம்பிச்ச சின்ன மில்லு, 12,000 ஸ்பிண்டில். ஆட்டோ டாஃபிங், அதாவது நூல் ரொம்புன கட்டைய மிஷினே கழட்டறது, நான் வெச்சது ஆள தொரத்தறதுக்கு இல்ல, ஆள் வராததுக்கு. அரை நைட்டு, முழு நைட்டுக்கு உள்ளூர்ல ஒருத்தன் வரமாட்டேங்கறான், பையன் டூ வீலர் எடுத்துட்டு டெலிவரிக்கு போயிடறான், அதுல தெனம் கைல காசு. டாஃபிங்குக்கு எட்டு பேர் கேங்கு வேணும், ஒரு நாள் மூணு பேரு வரலைன்னா நூல் நூக்கற ஃப்ரேம் நிக்கும். நூல் வாங்கறவன் முடிச்சு இருந்தா கோனையே திருப்பி அனுப்பறான், முடிச்சு இல்லாம ஒட்டற ஸ்ப்ளைசர் இல்லாம இன்னைக்கு நிட்டிங்காரன்கிட்ட நூல் விக்கவே முடியாது. கரண்ட் பில்லு, பஞ்சு வெல, வங்கி வட்டி எல்லாம் போக என்ன நிக்குதுன்னு நீங்களே வந்து கணக்கு பாருங்க. மிஷின் வைக்காத மில்லு பாதி பூட்டியாச்சு, பூட்டின மில்லுல 40 பேருக்கும் வேலை இல்ல, 9 பேருக்கும் இல்ல.

கையெழுத்து வாங்கின மொறை தப்பு, அத நான் நியாயப்படுத்தல.

ரிங்ஃப்ரேம்_ஃபிட்டர் | #4

நூல்கண்டு சார் சொல்றதுல பாதி நெஜம். மீதி பாதிய நான் சொல்றேன். 31 வருஷம் ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவன், சங்கத்துலயும் இருந்திருக்கேன், இந்த கதைய ஆரம்பத்துல இருந்து பாத்திருக்கேன்.

1986ல ஜவுளித் தொழிலாளர் மறுவாழ்வு நிதின்னு மத்திய அரசு ஒண்ணு கொண்டு வந்தாங்க. தனியார் மில்லு நிரந்தரமா பூட்டினா அந்த தொழிலாளிக்கு மொத வருஷம் சம்பளத்துல 75 சதவீதம், ரெண்டாவது வருஷம் 50, மூணாவது வருஷம் 25. அந்த மூணு வருஷத்துல வேற பொழப்பு பாத்துக்கன்னு அர்த்தம். மோசமில்லாத யோசனை. ஆனா மில்லு மொத்தமா பூட்டியிருக்கணும், மிஷின் வந்து பாதி பேரு போனா அதுல வராது. பூட்டின மில்லுலயும் சான்றிதழ், லிக்விடேட்டர், ரெக்கார்டுன்னு அலஞ்சே பல பேரு போய் சேந்துட்டாங்க. 2017 ஏப்ரல்ல அதையும் ஈஎஸ்ஐயோட (தொழிலாளர் காப்பீடு) ராஜீவ் காந்தி திட்டத்துல சேத்துட்டாங்க.

1992ல தேசிய புதுப்பிப்பு நிதி. தாராளமயம் வந்தப்ப, நவீனமயத்தால வேலை போறவங்களுக்கு மறுபயிற்சி குடுக்கறோம்னு பெருசா பேசி ஆரம்பிச்சது. கடைசில அந்த காசுல பெரும் பங்கு பொதுத்துறை கம்பெனிங்க வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) குடுத்து ஆள அனுப்பறதுக்கு போச்சு, பயிற்சிக்கு போனது கொசுறு. 2000ல அந்த நிதியவே மூடிட்டாங்க. அப்ப வி.ஆர்.எஸ். வாங்கினவன் என்ன பண்ணுனான்? பொண்ணு கல்யாணம், வீட்டுக்கு கான்கிரீட்டு, மிச்சத்துக்கு ஒரு மளிக கடை. ஒரே தெருவுல நாலு மளிக கடை.

இப்ப இன்னொரு பக்கம் பாருங்க. 1999ல டஃப்ஸ் வந்துச்சு, டெக்னாலஜி அப்கிரேடேஷன் ஃபண்ட். மிஷின் வாங்க கடன் எடுத்தா வட்டில 5 சதவீதம் அரசாங்கம் கட்டுச்சு. கோயமுத்தூர், திருப்பூர், திண்டுக்கல் பக்கம் புது ஃப்ரேம், ஆட்டோகோனர் நெறைய அந்த கடன்ல வந்ததுதான், நான் மாட்டினதே எத்தன. நான் அத தப்புன்னு சொல்லல, பழைய ஃப்ரேம வெச்சுட்டு சீனாக்காரன் கூட மல்லுக்கட்ட முடியாது. ஆனா ஒரு விஷயம் கவனிங்க, மிஷினுக்கு காசு வாங்கறதுக்கு இன்வாய்ஸ் காட்டுனா போதும். அந்த மிஷினால போன ஆளுக்கு என்ன பண்ணுனேன்னு ஒரு பேப்பர் கூட எங்கிட்ட யாரும் கேட்டதில்ல.

லேபர்_கோர்ட்_வாசல் | #5

சூலூர் தம்பி, மத்த எல்லாம் அப்பறம். அந்த டைப் பண்ணின பேப்பர்ல என்ன எழுதியிருந்துச்சு?

சூலூர்_பையன் | #6

அம்மாவுக்கு சரியா ஞாபகம் இல்லைங்க சார். சொந்த காரணத்துக்காக வேலைய விட்டு நின்னுக்கறேன்னு இருந்துச்சாம். காப்பி குடுக்கல.

லேபர்_கோர்ட்_வாசல் | #7

நெனச்சேன். இங்கதான் எல்லாமே இருக்கு, கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கங்க, ஏன்னா காசு இல்லாம இல்ல, காசு இருக்கு, ஆனா அதோட கதவு அந்த ஒரு பேப்பர்ல பூட்டிக்குது.

மொதல்ல ஈஎஸ்ஐ. சம்பளம் 21,000க்குள்ள இருந்தா அம்மாவுக்கு கண்டிப்பா ஈஎஸ்ஐ பிடிச்சிருப்பாங்க. அதுல ரெண்டு திட்டம். ஒண்ணு ராஜீவ் காந்தி ஷ்ராமிக் கல்யாண் யோஜனா, 2005ல இருந்து இருக்கு. ஆட்குறைப்புலயோ மில்லு மூடியோ வேலை போனா மொத 12 மாசம் சம்பளத்துல பாதி, அடுத்த 12 மாசம் கால்வாசி. அந்த காலத்துல குடும்பத்துக்கு ஈஎஸ்ஐ வைத்தியமும் உண்டு. தொழில் பயிற்சிக்கு போனா கட்டணத்த ஈஎஸ்ஐயே கட்டும், இது பல பேருக்கு தெரியவே தெரியாது. அம்மா சம்பளம் நாளைக்கு 480ன்னு வெச்சுக்கங்க, மொத வருஷம் மாசம் 7,200 வந்திருக்கும், ரெண்டாவது வருஷம் 3,600.

ரெண்டாவது அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா, 2018ல வந்தது, கொரோனா சமயத்துல 25 சதவீதத்த 50 ஆக்குனாங்க. 90 நாள், வாழ்நாள்ல ஒரு தடவ. அதே 480க்கு கணக்கு போட்டா 21,600 ரூபா.

ரெண்டுலயும் ஒரு வரி இருக்கு. தானா ராஜினாமா பண்ணுனா, வி.ஆர்.எஸ்.ல போனா கிடையாது.

இப்ப மில்லு ஏன் அந்த பேப்பர்ல கையெழுத்து வாங்கிச்சுன்னு புரியுதா? செப்டம்பர்ல நடந்ததுனால பழைய தொழில் தகராறு சட்டம்தான் பொருந்தும். அதுல நூறு பேரு, அதுக்கு மேல இருக்கற ஃபேக்டரில ஆட்குறைப்புன்னா அரசு அனுமதி வேணும். அதுக்கும் முன்னாடி, மிஷின் மாத்தறதுனால ஆள் குறையும்னா 21 நாள் முன்னாடி தொழிலாளிக்கு நோட்டீஸ் குடுக்கணும், 9ஏன்னு ஒரு பிரிவே இருக்கு. ஆட்குறைப்பு நஷ்ட ஈடு வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், 19 வருஷத்துக்கு கணக்கு போட்டுக்கங்க. கிராஜுவிட்டி அது தனி. ஒரு ராஜினாமா கடிதம் வாங்கிட்டா கிராஜுவிட்டி மட்டும்தான் மிச்சம், அனுமதி, நோட்டீஸ், நஷ்ட ஈடு எல்லாம் ஒரே கையெழுத்துல மறைஞ்சு போச்சு. கூடவே அம்மாவுக்கு ஈஎஸ்ஐல வரவேண்டிய காசும் போச்சு, அது மில்லு பணம் கூட இல்ல!

கேள்விமட்டும் | #8

புது சட்டத்துல ரீஸ்கில்லிங் ஃபண்டுன்னு ஒண்ணு வந்துச்சே சார், அதுல வராதா?

லேபர்_கோர்ட்_வாசல் | #9

தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு. பாஸானது 2020, அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 21. அதுல 83வது பிரிவு. ஆட்குறைப்பு பண்ற ஒவ்வொரு தொழிலாளிக்கும் முதலாளி 15 நாள் சம்பளத்த மறுதிறன் நிதில கட்டணும், 45 நாளுக்குள்ள அது தொழிலாளி அக்கவுண்டுக்கு போகணும். தம்பி அம்மா செப்டம்பர்ல போனதுனால இதுல வரமாட்டாங்க. வந்திருந்தாலும் எவ்வளவு? 480 பெருக்கல் 15, 7,200 ரூபா. இந்த காசுல என்ன மறுதிறன் கத்துக்கறதுன்னு சட்டம் சொல்லல. ஆட்குறைப்புன்னு பேப்பர்ல இருந்தாத்தான் இதுவும். அதே சட்டத்துல அரசு அனுமதி வேணுங்கற எல்லைய நூறுல இருந்து 300 தொழிலாளியா ஏத்திட்டாங்க, அதையும் சேத்தே படிச்சுக்கங்க.

பயிற்சி_வாத்தி | #10

அந்த பேக்கரி மாடி எனக்கு நல்லா தெரியும். அதே இடம்னு சொல்லல, அந்த மாதிரி மாடில நாலு வருஷம் வாத்தியாரா இருந்தவன். ஊரு வேண்டாம்.

பிரதமர் கௌஷல் விகாஸ் திட்டத்துல 2016ல இருந்து 2020 வரைக்கும் ஓடின கட்டத்துல சென்டருக்கு காசு எப்படி வரும்னா, பேட்ச் ஆரம்பிச்சதும் 30 சதவீதம், ஆளு பாஸாகி சர்ட்டிபிகேட் வந்தா 50, வேலைல சேத்து விட்டா 20. இப்ப நீங்க சென்டர் ஓனரா யோசிங்க. பிள்ளைய சேத்தா 30, பாஸ் போட வெச்சா 80 கைக்கு வந்துடுது. கடைசி 20க்கு கம்பெனி கம்பெனியா அலையணும், மூணு மாசம் சம்பள ஸ்லிப் வாங்கி ஏத்தணும். எங்க ஓனர் நேரா சொன்னாரு, "அந்த 20 வேணாம் சார், அடுத்த பேட்ச் எடுங்க"ன்னு. பின்னாடி வந்த 4.0ல குறுகிய காலப் பயிற்சிக்கு வேலைல சேக்கறதையும் காசையும் பிரிச்சே விட்டுட்டாங்க.

கட்டைவிரல் கதை நூத்துக்கு நூறு உண்மை. எங்க பேட்ச்ல மில்லுல இருந்து வந்த அம்மாங்க, செங்கல் சூளைல இருந்து வந்தவங்க ரெண்டு தரப்புக்கும் விழாது. காலைல ஒம்பதே முக்காலுக்கு வரிசை கட்டி நிப்பாங்க, ஒருத்தரு முடியில விரல தேச்சுப்பாங்க, ஒருத்தரு முகத்துல தேய்ப்பாங்க, அந்த சின்ன டப்பால சிவப்பு லைட்டு மட்டும் எரியும். வகுப்பே பத்தரைக்குத்தான் ஆரம்பிக்கும்.

இன்னொண்ணு. 4.0ல குறுகிய பயிற்சிக்கு வயசு 15ல இருந்து 45. வேலை செஞ்சு பழகினவங்களுக்கு இருக்கற திறமைக்கு சர்ட்டிபிகேட் குடுக்கற ஆர்பிஎல்னு ஒண்ணு மட்டும் 59 வரைக்கும். அதாவது 46 வயசு கோன் வைண்டிங் அம்மாவுக்கு அரசாங்கம் குடுக்கறது, "நீங்க நல்லா கோன் வைண்டிங் பண்றீங்க"ன்னு ஒரு சர்ட்டிபிகேட். அந்த வேலைதான் இப்ப இல்லையேம்மா!

கேள்விமட்டும் | #11

சிஏஜி (மத்திய அரசு கணக்குத் தணிக்கை) ரிப்போர்ட் படிச்சீங்களா, 2025 டிசம்பர்ல பார்லிமெண்ட்ல வெச்சது. அந்த திட்டத்துல பயிற்சி எடுத்தவங்க லிஸ்டுல 94 சதவீதத்துக்கு மேல பேங்க் அக்கவுண்ட் கட்டத்துல ஒண்ணு காலி, இல்ல பூஜ்யம். எழுதியிருந்த சிலதும் 11111111111ன்னு. அந்த அக்கவுண்ட்காரர் மட்டும் நம்ம நாட்டுலயே பெரிய பணக்காரரா இருப்பாரு.

கொங்கு_எக்ஸ்பிரஸ் | #12

எல்லாத்துக்கும் காரணம் வடக்கன் தான். அவனுகள மொதல்ல ஊர விட்டு

மட்டுறுத்துநர் | #13

#12ல மீதிய எடுத்தாச்சு. இந்த விவாத இழை மிஷினப் பத்தி, மனுஷங்கள திட்டறதுக்கு இல்ல. அடுத்த தடவ ஒரு வாரம் தடை.

ரிங்ஃப்ரேம்_ஃபிட்டர் | #14

நன்றி மட்டுறுத்துநர். #12 தம்பிக்கு ஒண்ணே ஒண்ணு, அந்த ஹாஸ்டல் புள்ளைங்கள மொதல்ல ஊருக்கு அனுப்பிட்டாங்கன்னு சூலூர் பையன் எழுதினத படிச்சியா? ஒடிசாவுல இருந்து வந்த புள்ளைங்க. அதுகளுக்கு கையெழுத்து கூட வாங்கல, ரயில் டிக்கெட்தான்.

தேக்கா_டீ | #15

நான் சிங்கப்பூர்ல வேர்ஹவுஸ் வேலை, ஒர்க் பாஸ்தான், அதனால கீழ சொல்ற எதுவும் எனக்கு கிடைக்காது, அத மொதல்லயே சொல்லிடறேன். ஆனா பக்கத்துல இருந்து பாக்கறேன்.

எங்க வேர்ஹவுஸ்ல போன வருஷம் ரேக் மொத்தமும் ஆட்டோமேட்டிக் ஆயிடுச்சு, பெட்டிய அதுவே போய் எடுத்துட்டு வருது. ஃபோர்க்லிப்ட் ஓட்டினவங்கள்ல பாதி பேரு தேவைப்படல. எங்க சூப்பர்வைசர் அண்ணன், சிட்டிசன், 52 வயசு, அவரும் லிஸ்டுல. இங்க 2016ல ஸ்கில்ஸ்ஃப்யூச்சர் க்ரெடிட்னு ஆரம்பிச்சப்ப 25 வயசு தாண்டின ஒவ்வொரு சிட்டிசனுக்கும் 500 வெள்ளி. 2024 மே மாசம் 40 வயசு தாண்டினவங்களுக்கு இன்னொரு 4,000 வெள்ளி போட்டாங்க. இது கோர்ஸ் பீஸுக்கு. அண்ணன் மொத சொன்னது என்ன தெரியுமா, "பீஸ் யாரு கேட்டா, வீட்டு லோன் யாரு கட்டுவா?" அங்கதான் அடுத்தது வருது. முழு நேர கோர்ஸ்ல சேந்தா முந்தி வாங்கின சம்பளத்துல பாதி, மாசம் 3,000 வெள்ளி வரைக்கும், வாழ்நாள்ல மொத்தம் 24 மாசம். அது இல்லாம 2025 ஏப்ரல்ல இருந்து வேலை போனவங்களுக்கு ஆறு மாசத்துக்கு 6,000 வெள்ளி வரைக்கும் தனியா, ஆனா சும்மா இல்ல, வேலை தேடறோம்னு காட்டணும். அண்ணன் இப்ப அதே ரேக் சிஸ்டம ரிப்பேர் பாக்கற கோர்ஸ்ல இருக்காரு. இங்கிலீஷ்ல பரீட்சைன்னதும் பயந்து போயிட்டாரு, ராத்திரி அவரு மகதான் சொல்லித் தர்றா.

சொர்க்கம்னு நெனச்சிடாதீங்க. 2017ல இங்கயும் ஒரு கும்பல் இல்லாத கோர்ஸுக்கு, படிக்காத ஆளுக பேருல பொய் க்ளெய்ம் போட்டு கிட்டத்தட்ட 40 மில்லியன் வெள்ளி அடிச்சுட்டாங்க. மாட்டுனாங்க, ஜெயிலுக்கு போனாங்க.

நூல்கண்டு | #16

சிங்கப்பூர் சின்ன ஊரு சார், அங்க வரி வசூல் வேற, இங்க வேற. நம்ம ஆளுகள்ல ஈஎஸ்ஐ, பிஎஃப் இருக்கறதே பாதிக்கும் கீழ.

தேக்கா_டீ | #17

ஒத்துக்கறேன் சார். ஆனா நம்ம ஊருல கூட அம்மாவுக்கு ஈஎஸ்ஐ பிடிச்சிருக்காங்கல்ல, அந்த பாதி சம்பளத் திட்டம் இருக்குல்ல. இருக்கறதே வரலைங்கறதுதானே இங்க பேச்சு.

திருப்பூர்_கட்டிங் | #18

நான் வேற மாதிரி ஒண்ணு சொல்றேன், எல்லாமே சோகமா இருக்கு இந்த இழைல.

நான் 22 வருஷம் கட்டிங் மாஸ்டர். துணிய டேபிள்ல விரிச்சு, அடுக்கடுக்கா லே போட்டு, வெட்டற அளவு வரைஞ்ச மார்க்கர் பேப்பர் மேல வெச்சு நேர்கத்தி மிஷின்ல வெட்டணும், ஒரு நூல் அளவு தப்பினா மொத்த லேயும் வேஸ்டு. கத்திக்கு பயந்து இடது கைல கம்பி வலை கிளவுஸ் போட்டுக்குவோம். 2019ல கம்பெனில ஆட்டோ கட்டர் வந்துச்சு, விரிக்கறதுக்கு ஸ்ப்ரெடர், வெட்டறதுக்கு கம்ப்யூட்டர் மிஷின். பத்து பேரு இருந்த கட்டிங் செக்‌ஷன்ல நாலு பேரு போதும்.

எங்க ஓனரு என்ன பண்ணுனாருன்னா மிஷின் ஆர்டர் போட்ட அன்னைக்கே என்னையும் இன்னொருத்தரையும் கூப்பிட்டு, மிஷின் வர நாலு மாசம் ஆகும், அதுவரைக்கும் மத்தியானத்துக்கு மேல கேட் ரூம்ல உக்காருங்கன்னுட்டாரு. கேட்னா கம்ப்யூட்டர்ல மார்க்கர் போடறது. நான் எட்டாவது. மவுஸ் புடிக்க தெரியாது, மொத வாரம் வேர்த்து கொட்டுச்சு, அந்த 23 வயசு பொண்ணு "அண்ணா, கத்திய புடிக்கற மாதிரி இறுக்கி புடிக்காதீங்க"ன்னு சொல்லும். ஆனா துணி எப்படி இழுக்கும், எந்த பக்கம் சுருங்கும், எந்த பீஸ எப்படி திருப்பி வெச்சா துணி மிச்சம்னு எனக்கு கைல இருக்கு, அந்த பொண்ணுக்கு புத்தகத்துல கூட இல்ல. ரெண்டு பேரும் சேந்து மூணாவது மாசத்துலயே முந்திய விட துணி மிச்சம் புடிச்சோம். இன்னைக்கு அதே கேட் ரூம்ல நாந்தான் சீனியர்.

இதுல அரசாங்க காசு ஒத்த ரூபா இல்ல. ஆனா சம்பளம் நிக்கல, அதே கூரைக்கு கீழ, எனக்கு தெரிஞ்ச துணியில. என்ன எடுத்து தையல் கத்துக்க சொல்லியிருந்தா, இல்ல செல்போன் ரிப்பேர் கத்துக்க சொல்லியிருந்தா நான் ஒரு நாள்ல ஓடியிருப்பேன். மீதி ஆறு பேரு? ரெண்டு பேரு செக்கிங்குக்கு போனாங்க கம்மி சம்பளத்துல, ரெண்டு பேரு இன்னும் பழைய மொறைல வெட்டற சின்ன யூனிட்டுக்கு, ஒருத்தரு ஊருக்கே போய் ஆடு வளக்கறாரு, ஒருத்தரு என்ன ஆனாருன்னு தெரியல, போன் நம்பர் மாறிடுச்சு.

பயிற்சி_வாத்தி | #19

திருப்பூர் அண்ணா, நாலு வருஷம் பாடம் எடுத்தேன், இவ்வளவு தெளிவா எனக்கு தோணல. வேலை போன பின்னாடி வர்ற பயிற்சிக்கும் வேலை போகறதுக்கு முன்னாடி வர்ற பயிற்சிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். என் பேட்ச்ல உக்காந்த அம்மாங்க கண்ணு போர்டுல இருக்காது, ஜன்னல் வழியா ரோட்டுல இருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு போகும்போது கைல என்ன கொண்டு போறதுன்னு யோசனை. எங்க பேட்ச்ல தினப்படின்னு யாருக்கும் எதுவும் கிடையாது, ஆனா மணிக்கு இவ்வளவுன்னு சென்டருக்கு காசு போகும்.

மாநில அரசோட நான் முதல்வன் நல்லா நடக்குது, ஆனா அது படிக்கற பிள்ளைங்களுக்கு. வெற்றி நிச்சயம்னு 2025ல வந்ததும் 35 வயசு வரைக்கும்தான். இளைஞர், இளைஞர், இளைஞர். மிஷின் மொதல்ல தூக்கறது யாரன்னு பாத்தா 40 தாண்டினவங்கள.

ரிங்ஃப்ரேம்_ஃபிட்டர் | #20

அதத்தான் நான் 1999ல இருந்து கத்திட்டு இருக்கேன். மிஷினுக்கு வட்டி மானியமோ முதலீட்டு மானியமோ எது குடுத்தாலும் அந்த ஃபார்ம்லயே ஒரு பக்கம் சேருங்கய்யா. எத்தன பேரு வேலை மாறும், அவங்கள எங்க போடப்போற, எத்தன மாசம் சம்பளத்தோட பழக்குவன்னு. அத காட்டுனாத்தான் ரெண்டாவது தவணை மானியம். பயிற்சிக்கு வெளிய தேடவே வேண்டாம், பீளமேட்டுல சிட்ரா இருக்கு, 1956ல இருந்து மில்லுக்காரங்களுக்குன்னே இருக்கு, தொழிலாளிக்கு பயிற்சி குடுத்து பழக்கப்பட்ட இடம். ஆட்டோகோனர்ல சென்சார் க்ளீன் பண்றது, ஸ்ப்ளைசர் செட்டிங், லேப்ல நூல் டெஸ்டிங், பேக்கிங்ல க்வாலிட்டி, இதெல்லாம் ஒரு கோன் வைண்டிங் பொம்பளைக்கு ரெண்டு மாசத்துல வரும். அறுந்த நூல் எதனால அறுந்துச்சுன்னு கைல தொட்டு சொல்றவங்க அவங்க, என்ன மாதிரி ஃபிட்டரே அவங்கள கேட்டுட்டுதான் டென்ஷன் வெப்போம்.

நூல்கண்டு | #21

ஐயா, பேச நல்லா இருக்கு. 40 பேர 9 ஆக்கற மிஷின்ல மிச்சம் 31 பேரையும் சென்சார் க்ளீன் பண்ண வெக்க முடியாது. லேப்புக்கு எனக்கு வேண்டியது ரெண்டு பேரு. இன்னொரு ஃபார்ம், இன்னொரு இன்ஸ்பெக்‌ஷன், இன்னொரு ஆபீஸர். டஃப்ஸ்ல எனக்கு வரவேண்டிய மானியம் எத்தன வருஷம் கழிச்சு வந்துச்சு தெரியுமா? வங்கிக்கு வட்டி நான் மாசாமாசம் கட்டிட்டு இருந்தேன். ரெண்டாவது தவணைக்கு தொழிலாளி லிஸ்டு காட்டணும்னு போட்டா பெரிய மில்லுக்காரன் கன்சல்டன்ட் வெச்சு காட்டிடுவான், நான் மாட்டிக்குவேன்.

ஆனா ஒண்ணு ஒத்துக்கறேன். ஆறு மாசம் பாதி சம்பளத்த அரசாங்கம் நேரா தொழிலாளி அக்கவுண்டுல போட்டா, மீதி பாதி நான் போட்டு, உள்ளயே வெச்சு பழக்க நான் தயார். ஆறு மாசத்துல ரெண்டு பேரு லேப்புக்கு, நாலு பேரு பேக்கிங்க்கு, அஞ்சாறு பேரு பக்கத்து மில்லுக்கு, மீதி பேரு கைல கொஞ்சம் காசோட வெளிய. மொத்தமா தீராது. அன்னைக்கு மத்தியானம் நடந்த மாதிரியும் இருக்காது.

ரிங்ஃப்ரேம்_ஃபிட்டர் | #22

இத உங்க அசோசியேஷன் மீட்டிங்ல எந்திரிச்சு சொல்லுங்க சார், நான் வந்து வெளிய நின்னு கை தட்டறேன்.

நூல்கண்டு | #23

சொன்னா அடுத்த மீட்டிங்குக்கு எனக்கு லெட்டர் வராது ஐயா 😀

சூலூர்_பையன் | #24

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து நைட்டு அம்மாவ உக்கார வெச்சு எல்லாத்தையும் படிச்சு காட்டுனேன். திருப்பூர் அண்ணன் எழுதினத ரெண்டு தடவ படிக்க சொன்னாங்க. மாசம் 7,200ன்னு வாசல் சார் எழுதினதுக்கு ஒண்ணும் சொல்லல, எந்திரிச்சு போய் பாத்திரம் கழுவ ஆரம்பிச்சுட்டாங்க.

அப்பறம் அவங்களே ஒண்ணு சொன்னாங்க. கூட வேலை செஞ்ச ஒரு அக்கா அன்னைக்கு கையெழுத்து போடறதுக்கு முன்னாடி, வீட்டுக்காரருக்கு காட்டணும்னு பேப்பர போன்ல போட்டோ எடுத்துச்சாம். அந்த அக்காகிட்ட போய் கேட்டேன், இருக்குங்க. அத பாத்துட்டு இன்னும் அஞ்சு பேருகிட்ட கேட்டா அவங்களும் எடுத்து வெச்சிருக்காங்க! யாரும் யாருகிட்டயும் சொல்லல. ஆறு போட்டோவுலயும் ஒரே வாசகம், பேரும் டிக்கெட் நம்பரும் மட்டும் பேனால எழுதியிருக்கு. "எனது சொந்த காரனங்களுக்காக"ன்னு. ஆறுலயும் அதே எழுத்துப் பிழை.

லேபர்_கோர்ட்_வாசல் | #25

தம்பி, இத ஏன் மொதல்லயே சொல்லல!

கட்டாயப்படுத்தி வாங்கின ராஜினாமான்னு நிரூபிக்கறது லேசு இல்ல, பொய் நம்பிக்கை குடுக்க மாட்டேன், வருஷக்கணக்குல இழுக்கும். ஆனா 14 பேரு, ஒரே நாள், மிஷின் ஓட ஆரம்பிச்ச ரெண்டு மாசத்துல, ஒரே டைப்பிங்ல சொந்தக் காரணம்னா சமரச அதிகாரி கண்டிப்பா ரெண்டாவது தடவ நிமிர்ந்து பாப்பாரு. இது ஆட்குறைப்புதான்னு முடிவாச்சுன்னா நஷ்ட ஈடு மட்டும் இல்ல, ஈஎஸ்ஐல போய் கேக்கறதுக்கும் வழி திறக்கும். எவ்வளவு வரும், எப்ப வரும்னு இப்ப சொல்ல முடியாது.

போட்டோவ யாரும் இங்க போடாதீங்க. வாட்ஸாப்ல சுத்த விடாதீங்க, போன்ல இருந்து அழிக்காதீங்க, எடுத்த தேதி அதுலயே இருக்கும். ஈஎஸ்ஐ அட்டை, பிஎஃப் நம்பர், கடைசி மூணு மாச சம்பள ஸ்லிப்பு, பேங்க் பாஸ்புக், கணக்கு முடிச்சப்ப குடுத்த சீட்டு. திங்கக்கெழமை காலைல பத்து மணிக்கு. எங்கன்னு தனி மெசேஜ்ல சொல்றேன். அந்த ரெண்டு சுழி ன போட்டிருக்கற ஆறு பேரும் கட்டாயம் வரணும், மீதி எட்டு பேரையும் முடிஞ்சா கூட்டிட்டு வாங்க.

சூலூர்_பையன் | #26

சரிங்க சார். 11 பேரு வர்றேன்னு சொல்லியிருக்காங்க. ஒருத்தர் திருச்சிக்கு மக வீட்டுக்கு போயிட்டாங்க, ரெண்டு பேரு எடுக்கல. போட்டோ எடுத்த அந்த அக்கா இப்ப ரெண்டு வீட்டுல பாத்திரம் தேய்க்குது, திங்கக்கெழமை அரை நாள் லீவு கேக்கணும்னு யோசிச்சுட்டு இருக்கு, எப்படியும் கூட்டிட்டு வந்துடறேன். அம்மா அந்த தையல் சர்ட்டிபிகேட்டையும் ஃப்ரேமோட எடுத்துட்டு வரட்டுமான்னு கேக்கறாங்க, வேணுங்களா?

லேபர்_கோர்ட்_வாசல் | #27

ஃப்ரேம் வேண்டாம். ஆனா ஆப்சென்ட்னு காட்டின அந்த நாளுக லிஸ்டு இருந்தா கொண்டு வரச் சொல்லுங்க, அது வேற ஒரு எடத்துக்கு எழுதறதுக்கு ஆகும்.